40,000 ரூபாய்க்குள் பழைய ஃபிளாட்டை விற்பனைக்குத் தயார் செய்வது எப்படி?

சென்னை மடிப்பாக்கத்தில் 18 வருடம் குடியிருந்த ஃபிளாட்டை விற்க முடிவெடுத்தபோது, முதலில் பார்க்க வந்தவர் ஹாலில் உட்காரவே இல்லை. நேராகப் பாத்ரூமுக்குப் போனார். குழாயைத் திறந்தார், மூடினார். மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "பிளம்பிங் மொத்தத்தையும் மாத்தணும் போலிருக்கே" என்று தன் மனைவியிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. மறுநாள் தரகர் போன் செய்தார். சொன்ன விலையில் 2 லட்சம் குறைத்தால் மேற்கொண்டு பேசலாமாம். அந்தக் குழாய்க்கு வேண்டியிருந்தது ஒரு வாஷர்.

வீடு வாங்க வருகிறவர் சுற்றிப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் கழித்தல் கணக்குப் போடுகிறார். கண்ணில் படும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு தொகை. அது எப்போதும் உண்மையான செலவைவிடப் பல மடங்கு இருக்கும், ஏனென்றால் தெரியாததற்கும் சேர்த்துக் கழிக்கிறார். ஆகவே கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை அவர் எங்கெல்லாம் கழிப்பாரோ அங்கே போடுங்கள். அழகுபடுத்துவதெல்லாம் மிச்சம் இருந்தால்.

எங்களுடையது முதல் மாடி, 2 படுக்கையறை, 900 சதுர அடிக்குச் சற்று மேல். ஆன செலவு 39,000 ரூபாய். என் அவசரத்தால் வீணான 6,000 அதில் சேராது. அந்தக் கதை பின்னால் வரும். அடுத்த வருடம் அக்கா வீட்டை விற்கும்போதும் இதே வழியில்தான் போனோம். இரண்டு வீட்டிலும் கற்றுக்கொண்டதைச் சேர்த்து எழுதுகிறேன்.

எப்போது ஆரம்பிப்பது

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருகிறவர்கள் குறைவு. பார்த்துப் பிடித்தாலும் "ஆவணி பிறக்கட்டும்", "தை பிறக்கட்டும்" என்று அட்வான்ஸைத் தள்ளிப்போடுவார்கள். அந்த ஆடி மாதத்தைப் பழுதுபார்க்க எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பெரிய மழை அக்டோபரில்தான் தொடங்கும் என்பதால், ஜூலை, ஆகஸ்டில் செய்த பூச்சும் பெயின்டும் காய அவகாசம் கிடைக்கும். கொத்து வேலை இருந்தால் 2 மாதம் வையுங்கள். வெறும் சுத்தமும் பெயின்டும் என்றால் 3 வாரம் போதும்.

வேற்று ஆள் கண்ணால் ஒரு சுற்று

18 வருடம் பார்த்த கறை நம் கண்ணுக்குக் கறையாகத் தெரியாது. வீட்டுக்கு அதிகம் வராத ஒரு நண்பரைக் கூப்பிட்டு, வாசற்படியிலிருந்து அவரை முன்னால் நடக்கவிடுங்கள். நீங்கள் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் போங்கள். அவர் என்ன சொன்னாலும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். என் நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள நுழைஞ்சதும் செருப்பு வாடைதான்டா." செருப்பு ஸ்டாண்டு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு அப்படி ஒரு வாடை அடித்ததே இல்லை.

எழுதியதைத் தண்ணீர், வெளிச்சம், வாடை, மற்றவை என்று பிரியுங்கள். பணத்தை இந்த வரிசையிலேயே ஒதுக்குங்கள்.

வேலைக்கு வேறு ஒரு வரிசை உண்டு: முதலில் சாமான் ஒழிப்பது, அப்புறம் தண்ணீர் வேலை, மின்சார வேலை, பெயின்ட், கடைசியில் கழுவுவது. இதை மாற்றினால் பணம் இரண்டு முறை போகும். எனக்குப் போனது. தெரிந்த பெயின்டர் அந்த வாரம் சும்மா இருக்கிறார் என்று முதலில் படுக்கையறைக்கு பெயின்ட் அடித்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் பிளம்பர் வந்து, கசிவு அந்தச் சுவருக்குள்தான் என்று கை அகலத்துக்கு உடைத்தார். ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிந்ததால் சுவர் முழுக்க மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அந்த 6,000 இதுதான்.

தண்ணீர் விட்டுப்போன தடம்

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். வீடு வாங்குகிறவர்கள் அதிகம் பயப்படுவது ஓதத்துக்குத்தான்.

சுவரில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால், செங்கலிலும் கலவையிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை அடுத்த மழைக்குள் உரிந்து விழும். முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள்.

ஒரு சுலபச் சோதனை இருக்கிறது. ஈரமாகத் தெரியும் இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்துக் கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும்.

கறை பாத்ரூமுக்கு அடுத்த சுவரில் இருந்தால் அதைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தப் பாத்ரூமை 4 நாள் பூட்டிவிட்டு இன்னொன்றைப் பயன்படுத்துங்கள். கறை கோட்டுக்குள் சுருங்கி வெளிறினால், தரையில் ஊற்றும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது. பூட்டி வைத்தும் கறை வளர்ந்தால் குழாய்க்குள்ளேயே கசிவு. பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். டைல்ஸ் இடுக்குதான் காரணம் என்றால் எல்லா டைல்ஸையும் பெயர்க்க வேண்டாம். இடுக்கை நிரப்பியிருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எப்பாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள். வெள்ளை சிமென்டைவிட விலை கூடுதல், ஆனால் தண்ணீரை உள்ளே விடாது. கழிவுநீர் இறங்கும் நஹானி ட்ராப்பைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனார்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அது.

உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசினால், நனைத்து ஆற்றிய பிறகும் பல வாரம் காயவிட்டுத்தான் பெயின்ட். சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. அந்த இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் மாவாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கசிவைச் சரிசெய்யாமல் மேலே பெயின்டோ வால்பேப்பரோ ஒட்டி மறைத்து விற்கச் சொல்லி யோசனை தருகிறவர்கள் உண்டு. எனக்கும் சொன்னார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், அடுத்த மழையில் அவர் உங்களுக்குத்தான் போன் செய்வார். செய்த பழுதுவேலையைக் கொத்துவதற்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து, பில்லோடு வைத்திருந்து காட்டுங்கள். எங்களிடம் வாங்கியவர் மனம் மாறியதே அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான்.

குழாய் வேலை சின்னது. சொட்டும் குழாய்க்கு வாஷரோ ஸ்பிண்டிலோ, ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ளஷ் டேங்குக்கு உள்ளே இருக்கும் ரப்பர், வாஷ்பேசினுக்கு அடியில் கசியும் பைப். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிளம்பரை வைத்து முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூப்பிட்டால் வந்துபோகும் கூலியே அதிகம்.

போர் தண்ணீர்க் கறை

சென்னையில் பாதி வீடுகளில் குழாய், ஷவர், கண்ணாடி, பக்கெட் எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவு இருக்கும். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புதான் அது. புளிப்பு பட்டால் கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் தருவார்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி கலந்து, துணியை நனைத்து, குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் புதுசு போல வரும். ஷவர் தலையைக் கழற்றி அதிலேயே ஊறப்போடலாம்.

ஆனால் எதில் போடுகிறீர்கள் என்று பாருங்கள். செராமிக் டைல்ஸ், ஸ்டீல், கண்ணாடிக்குச் சரி. பழைய சமையலறைகளில் இருக்கும் கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. மொசைக் தரையில் இருப்பது சலவைக்கல் சில்லு. இரண்டையும் ஆசிட் அரித்துவிடும். அக்கா வீட்டு மொசைக்கைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று வந்த ஆள் ஒரு மூலையில் ஆசிட் ஊற்றிவிட்டார். அந்த இடம் இன்றும் மங்கிக் கிடக்கிறது. மொசைக் மங்கியிருந்தால் பாலிஷ் மெஷின் கொண்டுவருகிறவரைக் கூப்பிடுங்கள். நல்ல மொசைக் பாலிஷ் போட்ட பின் புது டைல்ஸைவிட அழகு என்பது என் கட்சி. அப்புறம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அடைத்த பாத்ரூமில் அது ஆபத்து.

சமையலறை

மாடுலர் கிச்சன் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். வாங்குகிறவர் தன் வசதிக்கு வேறு மாதிரி போடுவார், நீங்கள் போட்டதைப் பெயர்த்து வெளியே வைப்பார். அதற்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். வெந்நீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அடுப்புக்கு மேலே இருக்கும் சுவர், எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை, ஸ்விட்ச் போர்டைச் சுற்றிய இடம், அலமாரிக் கதவின் கைப்பிடி என்று துடையுங்கள். ஸ்விட்ச் பக்கம் துடைக்குமுன் மெயினை அணைத்துவிடுங்கள், துணியை நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம், அலுமினிய ஃபிரேமில் மட்டும் இந்தச் சோடா படவேண்டாம், கறுத்துவிடும். மேடைமேல் மிக்ஸி ஒன்று இருக்கலாம். மீதியெல்லாம் உள்ளே.

வெளிச்சம்

பணம் கம்மியாகவும் பலன் அதிகமாகவும் இருப்பது இதில்தான். முதலில் ஜன்னல் கொசுவலைகளைக் கழற்றிக் கழுவுங்கள். பல வருட தூசி படிந்த வலையைக் கழுவிய அன்று, எங்கள் ஹாலில் பகலில் லைட் போடும் பழக்கமே நின்றுவிட்டது. கண்ணாடியில் ஒட்டிய பழைய சன் ஃபிலிமையும் சுரண்டி எடுங்கள்.

அடுத்து பல்புகள். ஒரு அறையில் மஞ்சள், இன்னொன்றில் நீல வெள்ளை, பாத்ரூமில் மினுக்கும் பழைய டியூப் என்று இருந்தால் வீடு ஒட்டுப்போட்டது போல இருக்கும். வீடு முழுக்க ஒரே நிறம் வையுங்கள். அட்டைப்பெட்டியில் 4000கே என்று போட்டிருக்கும் எல்இடி நடுவான வெள்ளை; 6500கே மருத்துவமனை போல வெளிறும், 3000கே மஞ்சளாக இருக்கும். நான் 4000கே வாங்கினேன். மஞ்சளித்துப்போன ஸ்விட்ச்களுக்குப் போர்டு முழுக்க மாற்றாமல், பிளேட்டும் உடைந்த ஸ்விட்ச்சும் மட்டும் மாற்றச் சொல்லலாம். எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்து வாங்க வருகிறவர் அதை அழுத்துவார்.

சுவர்

எல்லா அறைக்கும் பெயின்ட் அடிக்கப் பணம் இல்லையென்றால் ஹாலும் பெரிய படுக்கையறையும் போதும். வெளிர் நிறம் ஒன்றே ஒன்று, சீலிங்குக்கு வெள்ளை. மகன் கேட்டான் என்று அடித்த அடர்நீலச் சுவர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவை நீங்களே போடுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 50 கழித்தால் 390. சாதாரண எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டாக, சுமார் 120 சதுர அடிக்கு வரும் என்று வைத்தால் 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 4 லிட்டர் டின் ஒன்று. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பெயின்டர் 10 லிட்டர் வாங்கச் சொல்லமாட்டார். அடிப்பதற்கு முன் ஆணி, காலண்டர் கொக்கி, பசை டேப் எல்லாவற்றையும் பிடுங்கி ஓட்டையில் பட்டி வைத்து, மணல்தாள் போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர். இதைச் செய்யாமல் அடித்தால் காசு கொடுத்து ஓட்டைக்கு நிறம் பூசியதாகத்தான் முடியும்.

சீலிங்கில் இருக்கும் ஊஞ்சல் கொக்கி, தூளிக் கொக்கியை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "கொக்கி இருக்கு" என்று மருமகளிடம் காட்டினார்.

சாமான் ஒழிப்பது

இது முதல் வேலை, எழுத்தில்தான் பின்னால் வந்துவிட்டது. வீட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றுங்கள். எப்படியும் காலி செய்யும்போது தூக்கிப்போடப்போவதுதான். பழைய பேப்பர், இரும்புக் கடையில் போட்டதில் எங்களுக்கு எலக்ட்ரீஷியன் கூலி வந்துவிட்டது. பரண், கட்டிலடி, ஃபிரிட்ஜ் மேல், பால்கனி ஆகிய நான்கும் காலியாக இருக்க வேண்டும். பரணைத் திறந்து பார்ப்பார்கள்; நிரம்பி வழிந்தால் இந்த வீட்டில் வைக்க இடம் போதவில்லை என்று தோன்றும். கதவை முழுதாகத் திறக்கவிடாமல் பின்னால் நிற்கும் பீரோவை வேறு சுவருக்கு மாற்றுங்கள். பூஜை அலமாரியை எடுக்க வேண்டியதில்லை, விளக்குப் புகை படிந்த சுவரைத் துடைத்தால் போதும்.

கீச்சிடும் கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். மழைக்காலத்தில் உப்பி இடிக்கும் மரக்கதவை உடனே இழைக்க விடாதீர்கள், வெயிலில் சுருங்கி இடுக்கு விழும்.

வாடை

ஊதுபத்தியும் ரூம் ஸ்பிரேயும் எதையோ மறைக்கிறார்கள் என்றே காட்டும். வாடைக்கான காரணத்தை எடுங்கள். ஏற்கெனவே குடிபோய்விட்டு, வீட்டைப் பூட்டிவைத்து விற்கிறவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம்: பாத்ரூம் ட்ராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. வாரக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது வற்றி, வாடையும் கரப்பானும் மேலே வரும். வாரம் இரண்டு முறை யாராவது போய் ஒவ்வொரு ட்ராப்பிலும் சிங்கிலும் ஒரு பக்கெட் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு வரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டை ஒருமுறை ஃப்ளஷ் செய்யட்டும்.

எங்கள் 39,000 போன வழி

பாத்ரூம் கிரவுட், சுவர்ப் பூச்சு, கொத்தனார் கூலி சேர்த்து 11,500. பிளம்பர் 2,800. பல்பு, பிளேட், எலக்ட்ரீஷியன் 4,200. பெயின்ட், கூலி 15,000. 2 நாள் சுத்தம் செய்ய ஆட்கள் 3,500. கொசுவலை, கதவு, சில்லறை 2,000. ஃபால்ஸ் சீலிங், புதுத் திரைச்சீலை, வாஸ்துவுக்காகக் கதவை மாற்றுவது எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

படம், பார்க்க வரும் நாள்

போனைப் படுக்கை வாக்கில், மார்பு உயரத்தில் பிடித்து, அறை மூலையில் நின்று எடுங்கள். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். நேரில் வந்ததும் "போட்டோல பெருசா இருந்துச்சே" என்பார்கள். கழிப்பறை மூடியை மூடிவிட்டு எடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வெயில் எந்த நேரம் வருகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குக் காலை 8 முதல் 10. தரகரிடம் அந்த நேரத்துக்கே வரச் சொன்னோம். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மோட்டார் போட்டு டேங்கை நிரப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அன்று மீன் வறுவல் வேண்டாம். எல்லோரும் கூடவே சுற்றாமல் ஒருவர் மட்டும் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

சென்னையில் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் போர் வற்றியதா? 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? நாங்கள் உள்ளதைச் சொன்னோம்: லாரி வாங்கினோம், கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் வரை நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. வந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மழுப்பியிருந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டிருப்பார்.

சொத்து வரி, தண்ணீர் வரி ரசீது, மின்கட்டண அட்டை, வில்லங்கச் சான்றிதழ், பழுதுவேலைப் படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில், கேட்டதும் எடுக்கும்படி இருக்கட்டும். அட்வான்ஸ் வாங்குமுன், வீட்டோடு எது போகும் எது போகாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: ஃபேன், கெய்சர், இன்வெர்ட்டர், திரைக் கம்பி, தண்ணீர் சுத்திகரிப்பான். நாங்கள் எல்லாவற்றையும் எழுதினோம், பரணுக்கு ஏறும் பழைய மர ஏணியைத் தவிர. சாவி கொடுத்த அன்று அவர் அதைத்தான் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தோம்.